சேலத்தில் சுட்டு ஏற்காட்டில் வெட்டும் பிரெட்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுக்கென்று சுடும் பிரெட்டில் என்ன குறை வந்தாலும் சமாளித்துவிடலாம். நடு வேகவில்லை என்றால் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டலாம். காய்ந்துவிட்டால் உதிர்த்து உப்புமா ஆக்கலாம். பரிசாகக் கொடுக்கும் பிரெட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை வெட்டுவது வேறொருவர் வீட்டில். வெட்டும்போது நாம் பக்கத்தில் இருப்பதில்லை. குறை இருந்தாலும் முகத்துக்கு நேரே யாரும் சொல்லப்போவதில்லை. "ரொம்ப நன்றாக இருந்தது" என்று ஒரு வரி வரும். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தப் பிழையையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, குறை எங்கே தெரிந்தது என்பதுதான். ஓவனிலிருந்து இறக்கும்போதே தெரிந்தால் அது சுட்டதில் வந்த பிழை. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தால் கட்டியதில் வந்த பிழை, கொண்டுபோனதில் வந்த பிழை, அல்லது சொல்லாமல் விட்டதில் வந்த பிழை. எங்கள் ஊரில் நான் பார்த்தவரை இரண்டாவது வகைதான் அதிகம். ஆனால் பழி எப்போதும் மைதாவின் மேலோ ஈஸ்ட்டின் மேலோ விழுகிறது.

கணக்கை அவர்கள் வெட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஞாயிறு காலைச் சிற்றுண்டிக்கு வெட்டுவார்கள் என்றால் சனி மாலை ஐந்து மணிக்குள் பிரெட் ஓவனை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். இரவு எட்டு, ஒன்பது மணி வரை ஆற வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்ட வேண்டும். கீழே சொல்லும் திருத்தங்களில் பாதி இந்த ஒரு வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

அளவுக்கு ஓர் அடிப்படை வேண்டும். அரை கிலோ மைதா, 310 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 25 கிராம் சர்க்கரை, 30 கிராம் வெண்ணெய், 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கடையில் வாங்கும் உப்பு போட்ட வெண்ணெய் என்றால் உப்பை ஒரு சிட்டிகை குறைக்கவும். மைதா வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்: 100 கிராமுக்குப் புரதம் 10 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் ஆனது. 11 இருந்தால் நல்லது.

மாவு அரைமணியில் பொங்குகிறது; ஓவனில் வைத்ததும் அமுங்குகிறது

இது சேலத்துக் கோடையின் முத்திரைப் பிழை. வெளியே 39 டிகிரி அடிக்கும் நாளில் சமையலறைக்குள் 35 இருக்கும். வெயில் காலத்தில் இட்லி மாவை ரொம்ப நேரம் வெளியே விடக்கூடாது என்று தெரிந்த நாம், அதைவிடப் பல மடங்கு ஈஸ்ட் போட்ட மாவை மட்டும் "ஒரு மணி நேரம் மூடி வைக்கவும்" என்று குளிர்நாட்டுக் குறிப்பு சொல்லும்படி விட்டுவிடுகிறோம். ஈஸ்ட் அந்த வெப்பத்தில் தறிகெட்டு வேலை செய்கிறது. வாயு வேகமாகச் சேர்கிறது, அதைப் பிடித்து வைக்கும் மாவின் புரதப் பின்னல் இழுபட்டுத் தளர்ந்துபோகிறது. ஓவனில் இன்னும் கொஞ்சம் விரிய வேண்டிய நேரத்தில் அதற்குத் தெம்பு இருப்பதில்லை. மேலே தட்டையாக, ஓரத்தில் சுருக்கத்தோடு, வெட்டினால் புளித்த கள் வாடையோடு வரும்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைப்பது ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் அரை கிலோவுக்கு இரண்டரை கிராம் போதும். இன்னொன்றுதான் முக்கியம்: தண்ணீரின் குளிர்ச்சி. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மைதாவின் வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் கழித்து, கையால் பிசையும் சூட்டுக்கு ஒரு மூன்றையும் கழித்தால் வருவது தண்ணீரின் வெப்பம். மே மாதச் சேலத்தில் மைதா 34, அறை 35. மிச்சம் ஆறு டிகிரி. அதாவது பிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டியும் போட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் என்று குறிப்பில் எழுதியிருந்தால், அதை எழுதியவருக்குச் சேலம் அம்மாப்பேட்டையின் மே மாதம் தெரியாது என்று எண்ணிக்கொண்டு மேலே போகலாம்.

கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். விரலில் மைதா தொட்டு ஓரத்தில் அரை அங்குலம் அமுக்குங்கள். குழி உடனே மேலே வந்துவிட்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் ஓவனுக்குள் வைக்கலாம். வராமல் அப்படியே நின்றால் எல்லை தாண்டிவிட்டது.

எல்லை தாண்டிய மாவை அப்படியே ஓவனில் தள்ளிவிட்டு நல்லது நடக்கும் என்று நம்ப வேண்டாம். காற்றை வெளியேற்றி, மறுபடி உருட்டி, டின்னில் போட்டு, முன்னைவிடக் குறைந்த நேரம் விடலாம். ஒருமுறைதான் இந்த வித்தை பலிக்கும். அதற்கும் மாவு இடம் கொடுக்காவிட்டால் எண்ணெய் தடவிய தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, விரல்களால் குழி போட்டு, வெங்காயமும் கறிவேப்பிலையும் உடைத்த மிளகும் தூவி அதிக சூட்டில் சுட்டுவிடுங்கள். மாலைக் காப்பிக்கு ஏற்ற பரிசாகிவிடும். அது வேறு திட்டத்தின் மிச்சம் என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

மாவு எழும்பவே இல்லை

ஈஸ்ட் செத்திருக்கும். அரை தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் கலந்து கால் மணி நேரம் பாருங்கள். நுரை கட்டவில்லை என்றால் குப்பைக்குத்தான். பிரித்த பாக்கெட்டைச் சமையலறை அலமாரியில் ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரமே வீரியம் போய்விடும். காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள்.

ஈஸ்ட் உயிரோடு இருந்தும் மாவு இறுகிக்கொண்டு மந்தமாக எழும்பினால் தண்ணீரைச் சந்தேகப்படலாம். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, குடிக்கும் தண்ணீரில் ஒருமுறை பிசைந்து பாருங்கள்.

மலைமேல் சுட்டால் மட்டும் நடுவில் குழி விழுகிறது

சேலத்தில் சரியாக வரும் அதே அளவு ஏற்காட்டில் வராது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதே அளவு வாயு அங்கே கூடுதல் இடம் பிடிக்கும். மாவு வழக்கத்தைவிடச் சுலபமாக உப்பி, தாங்கும் பலம் வருவதற்கு முன்பே உயர்ந்து, பிறகு உட்கார்ந்துவிடுகிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மலையில் குளிரும் உண்டு. அழுத்தம் மாவை வேகமாக எழுப்புகிறது, குளிர் ஈஸ்ட்டைத் தூங்க வைக்கிறது. மார்கழியில் நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மாவு மூன்று மணி நேரம் அசையாமல் கிடக்கும். கோடை விழா நாட்களில் அதே வீட்டில் ஒரு மணி நேரத்தில் டின்னைத் தாண்டும். "மலையில் ஈஸ்ட்டைக் குறை" என்பதும் "மலையில் ஈஸ்ட்டைக் கூட்டு" என்பதும் இரண்டுமே காதில் விழுவதற்குக் காரணம் இதுதான்; இருவரும் வெவ்வேறு மாதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

என் வழி இது. கோடையில் ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைப்பேன். குளிர்காலத்தில் 5 கிராமையே வைத்துக்கொண்டு மேலே சொன்ன கழித்தல் கணக்கில் வரும் 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான தண்ணீரில் பிசைவேன். எந்த மாதமானாலும் டின்னில் மாவு இரு மடங்காகும் வரை காத்திருப்பதில்லை. ஒன்றரை மடங்கு தாண்டியதும் ஓவனுக்குள் போய்விடும். மிச்ச உயரத்தை ஓவன் கொடுக்கும். வெயில் காலத்தில் மாவு விறைப்பாகத் தோன்றினால் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் கூடுதலாக வேண்டும். மழைமூட்டம் கட்டியிருக்கும் வாரத்தில் மைதாவே ஈரத்தை வாங்கியிருக்கும், அப்போது வேண்டாம்.

வெப்பமானி வைத்துச் சுடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரெட்டின் நடுப்பகுதி 95 டிகிரி வந்தால் வெந்தது என்பது சமவெளிக் கணக்கு. ஏற்காட்டில் தண்ணீர் கொதிப்பதே 95 டிகிரியில்தான். அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால் பிரெட் காய்ந்து கட்டையாகுமே தவிர எண் வராது. மலையில் 91, 92 வந்ததும் எடுத்துவிடலாம்.

வெளியே பொன்னிறம், உள்ளே களி

மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்களில் (ஓ.டி.ஜி.) மேல் கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இருபது நிமிடத்தில் தலை சிவந்துவிடும். உள்ளே பாதி வெந்திருக்கும். நிறம் வந்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி மீதி நேரத்தையும் முழுதாகச் சுடுங்கள். டின் பிரெட்டுக்கு 190 டிகிரியில் 35 நிமிடம் என்பது ஒரு தொடக்கம். ஓவனின் முகப்பில் உள்ள எண்ணை நம்ப முடியாது. ஒரு சின்ன ஓவன் வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள், முகப்பு 190 காட்டும்போது உள்ளே 160 இருப்பது அபூர்வம் அல்ல.

நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அந்த நேரத்தைக் கூட்டிச் சுட்டால் போதும். அதற்கு மேல் போனால் அந்த பிரெட் வீட்டுக்கு, பரிசுக்கு வேறு.

முழுதாக வெந்த பிரெட்டும் சூடாக வெட்டினால் களியாகத்தான் இருக்கும். மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகி நிலைக்கிறது. "சுடச்சுடக் கொண்டுவந்தேன்" என்பது போண்டாவுக்குப் பெருமை, பிரெட்டுக்கு அல்ல.

பைக்குள் வியர்வை, மேல்தோல் பிசுபிசுக்கிறது

பரிசு பிரெட்டில் நான் அதிகம் காணும் பிழை இதுதான், காரணம் அவசரம். ஓவனை விட்டு வந்த பிறகும் பல மணி நேரம் பிரெட் உள்ளிருந்து ஆவியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே தொட்டால் ஆறியதாகத் தெரியும். அடியைத் தொட்டுப் பாருங்கள். அடியின் நடுவில் லேசான வெதுவெதுப்பு இருந்தால்கூட உள்ளே இன்னும் சூடு இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பாலித்தீன் பையில் போட்டால் ஆவி பையின் உட்சுவரில் நீர்த்துளியாகி, அங்கிருந்து வழிந்து மேல்தோலில் ஊறும். தோல் சுருங்கும், ஈரமான இடத்தில் சீக்கிரமே பூஞ்சை வரும்.

டின்னிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். தட்டு இல்லை என்றால் இடியாப்பத் தட்டுகள் இரண்டைக் கவிழ்த்து வைத்தாலும் அடியில் காற்றோடும். மின்விசிறிக்குக் கீழே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். சேலத்தில் அறையே 35 டிகிரி என்பதால் குளிர்நாட்டில் ஒரு மணி நேரத்தில் ஆறுவது இங்கே ஆறாது. மேலே ஒரு மெல்லிய துணி, ஈக்காக.

ஆறிய பிறகு எதில் கட்டுவது? மென்மையான பால் பிரெட் என்றால் உணவுக்குரிய பிளாஸ்டிக் உறையில், காற்றை அதிகம் அடைக்காமல். மொறுமொறுப்பான தோல் உள்ள பிரெட் என்றால் காகிதத்திலோ துணியிலோ; பிளாஸ்டிக்கில் ஒரே இரவில் அதன் தோல் தோலாக இருக்காது. செய்தித்தாள் வேண்டாம். அச்சுமை உணவில் இறங்கும் என்பதால் அதில் உணவைச் சுற்றக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், நூலால் கட்டுங்கள்.

பிரெட்டில் வேறு ஏதோ வாடை

புதிய பிரெட் பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அழகான பருத்தித் துணியில் சுற்ற ஆசைப்பட்டு பீரோவிலிருந்து எடுத்தால் அந்துருண்டை வாடை வரும். புதுத் துணியானால் கஞ்சி வாடை. வாசனைச் சோப்பு இல்லாமல் துவைத்து வெயிலில் காய்த்துப் பிறகு சுற்றுங்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு மல்லிகைச் சரத்தையும் பிரெட்டையும் சேர்த்து வைப்பது பார்க்க நன்றாக இருக்கும். சாப்பிடும்போது மல்லிகை பிரெட்டாக இருக்கும்.

வழியில் நசுங்கிவிட்டது, அல்லது பை ஊதிக்கொண்டது

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. மடியில் வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் கை தன்னை அறியாமல் பையை அழுத்தும். பஸ்ஸில் மேல் தட்டில் வைத்தால் அடுத்தவர் பை அதன் மேல் வரும். பெரிய எவர்சில்வர் சம்படமோ அட்டைப் பெட்டியோ பயன்படுத்துங்கள். சுற்றிலும் இடைவெளியில் துண்டைச் சுருட்டி அணை கொடுங்கள். டின் பிரெட்டை நிறுத்தின வாக்கில்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் பக்கச் சுவர் உள்ளே விழும்.

பை ஊதுவது வேறு சங்கதி. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போய்ச் சேரும்போது விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே காற்றடைத்து ஒட்டிய பைக்குள் இருக்கும் காற்று மேலே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விரிகிறது. பிரெட் கெட்டுப்போய் வாயு வந்துவிட்டது என்று பயந்து தூக்கிப் போட வேண்டாம். மாறாக, மலையில் சுட்டு இறுக்கமாக ஒட்டிக் கீழே கொண்டுவந்தால் பை சுருங்கி பிரெட்டோடு ஒட்டிக்கொள்ளும். மென்மையான பன்களின் மேல் அந்த ஒட்டல் சுருக்கம் விழும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு மூலையைத் திறந்து விட்டுக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான். மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் பிரெட்டை விட்டுவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள்.

மறுநாளே காய்ந்து உதிர்கிறது

பெரும்பாலும் அவர்கள் பிரிட்ஜில் வைத்திருப்பார்கள். மீந்த எதையும் பிரிட்ஜில் வைப்பது நம் பழக்கம். பிரெட்டுக்கு மட்டும் அது எதிரி. மாவுச்சத்து மீண்டும் இறுகிப் பிரெட்டைக் கட்டையாக்கும் மாற்றம் 4 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஃபிரீசரில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே வெளியே வைக்கலாம், ஃபிரீசரில் வைக்கலாம், நடுவில் உள்ள தட்டில் வைக்கக் கூடாது. இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுங்கள்.

ஏற்கெனவே காய்ந்ததைக் காப்பாற்றத் துண்டுகளை மூடிய பாத்திரத்தில் ஒரு நிமிடம் ஆவி காட்டினால் போதும். உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிடக் கெட்டியாகும்.

சுடும்போதே செய்யக்கூடிய ஒரு திருத்தம் உண்டு. மைதாவிலிருந்து 25 கிராமை எடுத்து, 125 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கூழாகக் கிளறி, ஆறவைத்து, மீதி மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். மொத்தத் தண்ணீரில் அந்த 125 மில்லியைக் கழித்துக்கொள்ள வேண்டும். வெந்த மாவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பிரெட் ஒரு நாள் கூடுதலாக மென்மையாக இருக்கும். பரிசு பிரெட்டுக்கு நான் இதைத் தவறவிடுவதில்லை. முழுக் கோதுமை மாவில் சுடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம்; மில்லில் அரைத்த கோதுமை மாவு தண்ணீரை நிறையக் குடிக்கும், பாதிக்குப் பாதி மைதா கலக்காவிட்டால் பரிசு செங்கல்லாகும்.

இரண்டாம், மூன்றாம் நாள் பலாப்பழ வாசனை

இதைப் படிப்பவர்களில் பலர் இந்த வாசனையை முகர்ந்திருப்பார்கள், பெயர் தெரிந்திருக்காது. மேல்தோலில் பூஞ்சை எதுவும் இல்லை. பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. பையைத் திறந்ததும் நன்றாகப் பழுத்துக் கனிந்த பலா அல்லது அன்னாசியின் மணம். ஜூன் மாதம் ஏற்காட்டுச் சமையலறையில் உண்மையான பலாவே மூலையில் கிடக்கும் என்பதால் சந்தேகமும் வராது. வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி பழுப்பேறி ஈரமாக இருக்கும். ஒரு துண்டைப் பிட்டு மெதுவாக இழுத்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே மெல்லிய நூல் நீளும்.

காரணம் பேசில்லஸ் சப்டிலிஸ் வகைப் பாக்டீரியா. மண்ணிலும் தானியத்திலும் இயல்பாக இருப்பது, மாவோடு வருகிறது. அதன் வித்துகள் கொதிநிலையைத் தாங்கும். பிரெட்டின் வெளித்தோல் எவ்வளவு சூடானாலும் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் வித்துகள் பிழைத்துக்கொள்கின்றன. பிறகு வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் முளைக்கின்றன. மெதுவாக ஆறும் பெரிய பிரெட், 35 டிகிரி அறை, காற்றில்லாத பை: கோடைச் சேலம் மூன்றையும் தட்டில் வைத்துக் கொடுக்கிறது. கடை பிரெட்டில் கால்சியம் புரோப்பியனேட் சேர்ப்பதால் இந்தத் தொல்லை அங்கே அதிகம் தெரிவதில்லை.

வாசனை வந்ததைச் சுரண்டியோ வாட்டியோ சாப்பிடக் கூடாது. மாட்டுக்கோ நாய்க்கோ போடவும் வேண்டாம். பையோடு கட்டிக் குப்பையில் போடுங்கள். மாவு பிசைந்த பாத்திரம், பலகை, கத்தி, டின், ஆறவைத்த தட்டு, மூடிய துணி எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள். இந்த வேலையை அரைகுறையாக விட்டால் அடுத்த பிரெட்டிலும் வரும். மாவு டப்பாவில் பழைய மாவின் மேலேயே புதிய மாவைக் கொட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

தடுக்கும் வழி எளிது. அந்தப் பாக்டீரியாவுக்குப் புளிப்பு ஆகாது. அரை கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், அல்லது தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதில் நன்றாகப் புளித்த தயிர். சுவையில் ஒன்றும் தெரியாது. மார்ச் முதல் ஜூன் வரை இது இல்லாமல் பரிசு பிரெட் சுடாதீர்கள். பெரிய ஒற்றை பிரெட்டுக்குப் பதில் சிறியதாக இரண்டு சுட்டால் சீக்கிரம் ஆறும், அதுவும் உதவும்.

பச்சை, கறுப்பு, வெள்ளைப் பூஞ்சை என்றால் விஷயம் வேறு; ஆறுவதற்கு முன் கட்டியதும் கைபட்டதும்தான் காரணம். பூத்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது கூடாது, வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

பிரெட்டில் குறையே இல்லை. ஆனால் அப்படியே இருக்கிறது

கதவைத் திறந்ததும் பெரியம்மா கேட்பார்: "யாருக்கு உடம்பு சரியில்லை, கண்ணு?" நம் வீடுகளில் பிரெட் என்றால் காய்ச்சல், பாலில் தோய்த்துக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹார்லிக்ஸோடும் சாத்துக்குடியோடும் வாங்கிப்போவது. வெள்ளையாக, ஒன்றும் இல்லாத டின் பிரெட்டை ஒரு நல்ல நாளில் நீட்டினால் அந்த நினைவுதான் முதலில் வரும்.

சுவையால் இதைச் சரிசெய்யலாம். தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் வைத்த பன்னை நோயாளிக்கு என்று யாரும் நினைப்பதில்லை. மிளகும் வெண்ணெயும் சேர்த்த சுருள் பிரெட்டும் அப்படித்தான். சேர்வராயன் மலை மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால் அதற்கென்று ஒரு பேச்சும் கிடைக்கும். கூடவே மலை ஆரஞ்சுத் தோலில் காய்ச்சிய ஜாம் ஒரு சின்ன பாட்டிலில் இருந்தால், இது பலகாரம் என்று பார்த்ததும் புரியும். கொடுக்கும்போது "மாலைக் காப்பிக்கு" என்று சொல்லிவிடுங்கள். எப்போது சாப்பிடுவது என்று தெரியாத பண்டம் அலமாரியில்தான் தங்கும்.

முட்டை இன்னொரு தடை. கேட்கவும் மாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள். மேலே பூசும் பளபளப்புக்கு முட்டைக்குப் பதில் பால் பூசுங்கள், இறக்கியதும் வெண்ணெய் தடவுங்கள். நிறம் கொஞ்சம் மங்கல், நிம்மதி அதிகம். வாசலிலேயே "முட்டை போடவில்லை" என்று சொல்லுங்கள். தீபாவளிக்கு பிரெட் கொடுக்காதீர்கள். அதிரசத்துக்கும் முறுக்குக்கும் நடுவில் அதைச் சீந்த ஆளிருக்காது. அமாவாசை, கிருத்திகை, வெள்ளி விரதம் பார்க்கும் வீடுகளுக்கு முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

கத்தியும் ஒரு தடைதான். பல் வைத்த பிரெட் கத்தி எல்லா வீட்டிலும் இல்லை. காய் நறுக்கும் கத்தியால் அழுத்தி வெட்டினால் எவ்வளவு நல்ல பிரெட்டும் நசுங்கும். துண்டு போட்டே கொடுத்தால் சீக்கிரம் காயும். ஆகவே கத்தி இல்லாத வீட்டுக்கு ஒட்டிய வரிசையாகச் சுட்ட பன்கள்தான் ஏற்றவை, கையால் பிய்த்துக்கொள்ளலாம்.

உள்ளே ஒரு சீட்டு வையுங்கள். இப்படி: "சனிக்கிழமை மாலை சுட்டது. மைதா, பால், வெண்ணெய் உண்டு, முட்டை இல்லை. சர்க்கரை கொஞ்சம் உண்டு. திங்கள் காலை வரை வெளியே வைக்கலாம். பிரிட்ஜில் வைக்க வேண்டாம். மீந்தால் துண்டு போட்டு ஃபிரீசரில்." ஏற்காட்டுக் குளிர்காலம் என்றால் திங்களைச் செவ்வாய் ஆக்கலாம். சேலத்து மே மாதம் என்றால் ஞாயிறு இரவோடு நிறுத்துங்கள்.

டின் திரும்பி வரவில்லை. வந்தாலும் பழைய டின்னாக இல்லை

சுட்ட டின்னோடு அப்படியே கொடுப்பது அழகாக இருக்கிறது என்று சிலர் செய்கிறார்கள். நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் கிடையாது. கொடுக்க ஏதாவது கிடைக்கும் வரை அந்த டின் அவர்கள் வீட்டிலேயே காத்திருக்கும். பிறகு மாவடுவோ எலுமிச்சை ஊறுகாயோ நிரம்பி வரும். உப்பும் புளிப்பும் பட்ட அலுமினிய டின்னில் புள்ளி விழுந்திருக்கும். ஒட்டாத பூச்சு உள்ள டின்னை எவர்சில்வர் நார் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருப்பார்கள். அதில் அடுத்த பிரெட் ஒட்டிக்கொள்ளும்.

புள்ளி விழுந்த டின்னுக்குப் பட்டர் பேப்பரை நான்கு பக்கமும் வரும்படி வெட்டிப் போட்டால் இன்னும் சில காலம் ஓட்டலாம். ஊறுகாய் வாடை போக, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி ஓர் இரவு விட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அலுமினியம் என்றால் சோடா வேண்டாம், கறுத்துவிடும், கடலை மாவு போதும். அடுத்த முறை பிரெட்டை வெளியே எடுத்து எவர்சில்வர் தூக்குப் போசியிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்துக் கொடுங்கள். போசியில் ஊறுகாய் வந்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளலாம்.